சொற்கணக்கும் சொல்லிலக்கணமும்

(அரசுப் பணித் தேர்வுக்கு அணியமாகும் தமிழ்வழி மாணவரிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்வழியிற் பயின்று அரசுப் பணிக்குத் தேர்வெழுத வரும் மாணவருள் பலர், வினாத்தாளைப் பிரித்ததும் செய்யும் முதல் வேலை, கணக்குகளைத் தாண்டிப் போவதுதான். "கணக்கு வராது" என்பது அவர்கள் கூறும் கரணியம். ஆயின் அவ்விளைஞனையே அழைத்து 7-ஐ 8-ஆற் பெருக்கச் சொன்னால், கண்ணிமைக்குமுன் 56 என்பான். ஓர் எழுத்தை இட்டு, ம + 8 = 20 என்று எழுதிக் காட்டினால், ம என்பது 12 என்று தயங்காமற் சொல்வான். கூட்டல் வருகின்றது, பெருக்கல் வருகின்றது, சமன்பாட்டைத் தீர்க்கவும் வருகின்றது. வராதது எது? மூன்று வரியில் அமைந்த ஒரு சொற்றொடரைப் படித்து, அதனைச் சமன்பாடாக எழுதுவது ஒன்றுதான் வரவில்லை. அஃதாவது, அவன் இடறி விழுவது கணக்கில் அன்று, மொழியில். அதுவும் அவனுக்கு அயலான ஒரு மொழியின் நடையில்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வின் அண்மைக்கால அமைப்பை இங்குள்ளோர் அறிவர். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றுள் 25 வினாக்கள் திறனறிவுக்கும் கணக்கிற்கும் உரியவை. விழுக்காடு, வட்டி, பங்கு, ஆளும் நாளும், பரப்பு, பருமன் என்று அவை விரியும். வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 25 வினாவுக்கு முப்பத்தேழரை மதிப்பெண். எடுத்த எடுப்பில் இவ்வளவையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவன் போட்டியில் நிற்பது, ஒரு கையைக் கட்டிக்கொண்டு சிலம்பம் ஆடப் புகுவது போன்றது.

இத்தகைய தேர்வுகளில் வரும் சொற்கணக்கு ஒன்றைப் பாருங்கள். மொழிபெயர்ப்புத் தமிழ் என்பது எப்படியிருக்கும் என்பதைக் காட்டுவதற்காகவே இங்குப் புனையப்பட்டது இது. "ஒரு எண்ணானது எட்டால் அதிகரிக்கப்படும்பொழுது, நான்கால் குறைக்கப்பட்ட அந்த எண்ணின் மூன்று மடங்காக இருக்கிறது எனில், அந்த எண் என்ன?" இதனைத் தமிழ் என்று யார் சொல்வது? ஆங்கிலத் தொடரின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்ச்சொற்களைப் போர்த்திய உருவம் இது. படிக்கும் மாணவன் இரண்டு வகையாகத் தடுமாறுகின்றான். எண்ணில் 4 குறைத்து, வந்ததை மூன்று மடங்காக்குவதா? அல்லது எண்ணை மூன்று மடங்காக்கி, வந்ததில் 4 குறைப்பதா? முதல்வகையிற் போனால் விடை 10. இரண்டாம் வகையிற் போனால் விடை 6. வினாவமைப்போர் இதனை நன்கறிவர். கொடுக்கப்படும் நான்கு விடைகளுள் 10-உம் இருக்கும், 6-உம் இருக்கும். மாணவன் 6-ஐக் கண்டதும் தன் விடை கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து அவ்வட்டத்தைக் கருமையாக்கிவிடுவான். (நான்கால் என்னும் சொல்லை ஆட்டின் நான்கு கால் என்று ஒருவன் படித்தாலும் அவன்மேற் குற்றமில்லை.)

இதே கணக்கைத் தமிழன் தமிழாகச் சொல்லட்டும். "ஓர் எண்ணோடு 8 கூட்டினால் வருவதும், அவ்வெண்ணில் 4 கழித்து மும்மடங்காக்கினால் வருவதும் ஒன்றே. அவ்வெண் யாது?" இங்கே ஐயம் எங்கே இருக்கின்றது? 'கழித்து' என்பது வினையெச்சம். அது முடிந்த பின்னரே 'மும்மடங்காக்கினால்' என்னும் வினை தொடங்குகின்றது. முதலிற் கழி, பின்பு பெருக்கு. அறியவேண்டிய எண்ணை ம என்று கொண்டால்,

ம + 8 = 3 (ம − 4)
ம + 8 = 3ம − 12
20 = 2ம
ம = 10

என்று விடை தானே வந்து நிற்கும். 10-உடன் 8 சேர 18. 10-இல் 4 போக 6, அதன் மும்மடங்கு 18. சரி.

கணக்கில் அடைப்புக்குறி செய்யும் வேலையைத் தமிழில் வினையெச்சம் செய்கின்றது. இதனை மாணவர் உள்ளத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். "4 கழித்து மும்மடங்காக்கு" என்றால் 3 (ம − 4). "மும்மடங்காக்கி 4 கழி" என்றால் 3ம − 4. எழுதும் ஒழுங்கும் செய்யும் ஒழுங்கும் ஒன்றாயிருப்பது தமிழின் இயல்பு. "சோறு வடித்துக் குழம்பு வைத்து இலை போட்டாள்" என்றால் எது முன், எது பின் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து தேர்வறையிற் போய் உட்கார்ந்ததும் அடைப்புக்குறியைக் கண்டு அஞ்சுகின்றது என்றால், அதன் காதுக்குப் பழகிய மொழியை அதனிடமிருந்து யாரோ பறித்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'ஐந்து குறைவு' என்பதை முன்னே சொல்லி, 'ஓர் எண்ணைவிட' என்பதைப் பின்னே சொல்லுவார்கள். அவ்வொழுங்கிலேயே எழுதும் பிள்ளைகள் 5 − ம என்று எழுதிப் பிழைபடுவர். ஆங்கிலப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். தமிழிலோ "ஓர் எண்ணைவிட 5 குறைவு" என்பதே இயல்பான நடை. எண் முன்னே வருகின்றது. 5 பின்னே வருகின்றது. குறைவு அதற்கும் பின்னே வருகின்றது. ம − 5 என்று இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போகலாம்.

அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சுப் பல்கலைக்கழகத்தில் கிளெமெண்டு என்பவரும் அவருடைய தோழர்களும் செய்து 1981-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. "இப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரைப்போல் ஆறு மடங்கு மாணவர் உள்ளனர், இதனைச் சமன்பாடாக எழுதுக" என்பதே வினா. விடை எழுதியவர்கள் பொறியியல் முதலாண்டு மாணவர்கள். நூற்றுக்கு 37 பேர் தவறாக எழுதினர். அவருட் பெரும்பாலோர் எழுதியது, மாணவர் எண்ணிக்கையை ஆறாற் பெருக்கினால் ஆசிரியர் எண்ணிக்கை வரும் என்னும் தலைகீழ்ச் சமன்பாடு. ஆங்கிலத்தில் 'ஆறு மடங்கு' என்பதை அடுத்து 'மாணவர்' என்னும் சொல் வந்து, அதன் பின்னரே 'ஆசிரியர்' வருவதால், கண் கண்டதைக் கை எழுதிவிட்டது என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. தமிழில் "ஆசிரியரைப்போல் ஆறு மடங்கு மாணவர்" என்னும்பொழுது 'ஆறு மடங்கு' ஆசிரியரைத் தொடர்ந்து நிற்கின்றது. ஆசிரியர் எண்ணிக்கை ஆ, மாணவர் எண்ணிக்கை ம எனில், ஆ × 6 = ம. சொல் நின்ற வரிசையே சமன்பாடு.

தமிழிற் சொல்லிவிட்டால் பிழையே நேராது என்று இதனாற் கொள்ளவேண்டா. "ஆறு மாணவர்க்கு ஓர் ஆசிரியர்" என்று அதையே மாற்றிச் சொன்னால், தமிழ் மாணவனும் 6ம = ஆ என்று எழுதக்கூடும். அப்பொழுது அவன் செய்ய வேண்டுவது ஒன்றே. எந்தப் பக்கம் பெரிது, எந்தப் பக்கம் சிறிது என்று ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். மாணவர் மிகப் பலர், ஆசிரியர் சிலர். சிலராக உள்ளதைத்தான் பெருக்கிப் பலரோடு ஒப்பாக்க வேண்டும். பலராக உள்ளதை மேலும் பெருக்கினால் ஒப்பாகுமா?

வேற்றுமை உருபுகள் கணக்கில் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பள்ளியில் இலக்கணம் கற்பிப்போரும் சொல்வதில்லை. கணக்குக் கற்பிப்போரும் சொல்வதில்லை. ஒருவர் அறைக்கும் மற்றவர் அறைக்கும் இடையே சுவர் இருக்கின்றது. 'எண்ணோடு' என்று ஓடு வந்தால் கூட்டல் வரப்போகின்றது. 'எண்ணில்', 'எண்ணிலிருந்து' என்று வந்து 'கழி', 'போக' என்னும் சொற்கள் தொடர்ந்தால் கழித்தல். 'எண்ணின் முக்கால்' என்று இன் வந்தால் பெருக்கல். "ஓர் எண்ணின் முக்காலோடு 5 கூட்டினால் 20" என்னும் தொடரில் இன், ஓடு ஆகிய இரண்டு உருபுகளே முழுக்கணக்கையும் சொல்லிவிடுகின்றன. எண்ணின் முக்கால் 15 ஆதல் வேண்டும், எண் 20. 'ஆல்' என்னும் உருபிடம் மட்டும் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். பெருக்கலுக்கும் அதுவே வரும். வகுத்தலுக்கும் அதுவே வரும். இறுதியில் நிற்கும் வினையைக் காணும்வரை கை எழுதக்கூடாது. வகுத்தல் எனின், ஐ ஏற்றது வகுபடுவது. ஆல் ஏற்றது வகுப்பது. "12-ஐ ஓர் எண்ணால் வகுக்க" என்பதும் "12-ஆல் ஓர் எண்ணை வகுக்க" என்பதும் ஒன்றையொன்று தலைகீழாக்கியவை. இறுதியில் வரும் 'ஆகும்', 'ஒன்றே', 'இருக்கும்' என்பனவே சமன்குறி.

அறியா எண்ணுக்கு எந்த எழுத்தை இடுவது? ஆங்கில எழுத்தைத்தான் இடவேண்டும் என்று எந்தக் கணக்கியலும் விதிக்கவில்லை. விடைத்தாளில் வட்டத்தைக் கருமையாக்குவதன்றி வேறெதையும் திருத்துவோர் பார்ப்பதில்லை. வழிமுறை எழுதும் தாள் மாணவனுக்கே உரியது. தமிழ் எழுத்தையே இட்டு எழுதுக. ஆனால் ஒன்று: க, உ, ங, ச, எ, அ ஆகியவை முறையே 1, 2, 3, 4, 7, 8 என்னும் தமிழ் எண்களும் ஆகும். வ என்பது காலைக் குறிக்கும் பழைய குறியோடு மயங்கும். தமிழ் எண் பயின்றவர் இவற்றை விலக்கிப் பிற எழுத்துகளைக் கொள்வது நன்று. இன்னும் ஒன்று: கோழிக்குக் 'கோ' என்று எழுதினால், 'கோ' கோழியன்று, கோழிகளின் எண்ணிக்கை. இதனை மறந்தவர்களே 'ஆறு மாணவர்' என்பதை 6ம என்று எழுதியவர்கள்.

இக்குறிகளெல்லாம் மிகப் பிந்தியவை. பாகுதாதில் ஏறத்தாழ 820-ஆம் ஆண்டளவில் அல் குவாரிசுமி எழுதிய நூலிலிருந்தே ஆங்கிலத்தார் இக்கலைக்கு வழங்கும் பெயர் பிறந்தது. அந்நூலில் ஒரு குறிகூட இல்லை. எண்களைக்கூட அவர் சொல்லாலேயே எழுதினார். எழுத்தால் எண்ணைக் குறிக்கும் முறையைப் பிரான்சு நாட்டு வியேத்து 1591-இல் ஒழுங்குபடுத்தினார். இன்று பாடநூல்களிற் காணும் எழுத்து வழக்கு 1637-இல் தெக்கார்த்து கொண்டது. அதற்கு முன் எண்ணூறு ஆண்டுக் காலம் இக்கலை பெரும்பாலும் சொற்கணக்காகவே, மக்கள் மொழியில் அமைந்த சொற்றொடராகவே வாழ்ந்தது. சொற்கணக்கு என்பது சமன்பாட்டிற்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வால் அன்று, அதுதான் தாய்.

சமன்குறியை முதன்முதல் அச்சேற்றியவர் இராபர்ட்டு இரெக்கார்டு என்னும் வேல்சு நாட்டறிஞர், ஆண்டு 1557. இரண்டு இணைகோடுகளைவிட ஒத்த பொருள் வேறில்லை என்பதால் அக்குறியைத் தேர்ந்தார். அவரைப் பற்றி வேறொரு செய்தி தமிழர்க்கு இன்றியமையாதது. கற்றோர் அனைவரும் இலத்தீனில் எழுதிய அக்காலத்தில் அவர் கணக்கு நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். அதனோடு நில்லாமல், இலத்தீன் கிரேக்கச் சொற்களுக்கு மாற்றாகத் தூய ஆங்கிலச் சொற்களையும் ஆக்கினார். குறுங்கோணத்துக்குக் 'கூர்மூலை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும், தொடுகோட்டிற்குத் 'தொடுவரை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் ஆண்டார். அச்சொற்கள் நிலைக்கவில்லை. இலத்தீன் வழிச் சொற்களே பின்னர் வென்றன. இன்று தமிழ்மாணவன் ஆங்கிலக் கணக்குச் சொல் என்று நெட்டுருச் செய்வதெல்லாம் ஆங்கிலனுக்கே அயலான சொற்கள்!

இரெக்கார்டுக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து, நெதர்லாந்தில் சைமன் இசுட்டீவின் வந்தார். 1548-இற் பிறந்தவர். பதின்மப் பின்னங்களைப் பற்றிய அவருடைய சிறுநூல் 1585-இல் டச்சு மொழியில் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே, அறிவியலுக்குத் தம் தாய்மொழியே மிகத் தகுதியானது என்று ஒரு நூலின் முகப்பில் நிறுவி எழுதினார். கணக்கியலுக்கு 'உறுதியானதன் கலை' என்று பொருள்படும் டச்சுச் சொல்லை ஆக்கினார். பிற ஐரோப்பிய மொழிகள் பலவும் கிரேக்கச் சொல்லை இரவல் வாங்கிக்கொண்டிருக்க, டச்சுக் குழந்தை இன்றும் அவருடைய சொல்லின் வழி வந்த தாய்மொழிப் பெயரிலேயே கணக்கியலைப் படிக்கின்றது. இணைகோட்டிற்கும் அங்கே டச்சுச் சொல்லே.

இருவரும் சொல்லாக்கினர். ஒருவர் சொல் மாண்டது. மற்றவர் சொல் வாழ்ந்தது. வேறுபாடு எங்கே? 1600-இல் இலெய்தன் நகரில் பொறியாளர்க்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பாடத்திட்டத்தை வகுத்தவர் இசுட்டீவின். பாடம் இலத்தீனில் அன்று, டச்சில் நடந்தது. அளந்து, கணக்கிட்டு, வேலைக்குப் போக விரும்பியவன் டச்சில் கற்றான். சொல், அகரமுதலியில் இருந்தால் உறங்கும். பள்ளியிலும் பணியிலும் இருந்தால் நடக்கும். தமிழில் 1938-இலேயே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டுவிட்டது. சொல்லுக்கு என்றும் இங்குப் பஞ்சமில்லை. அச்சொல்லால் ஒருவன் சோறு உண்ண முடியுமா என்பதே வினா. அதற்கு விடை தேர்வறையில் இருக்கின்றது.

தமிழன் இக்கலைக்குப் புதியவன் அல்லன். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பூசணிக்காயை அறுக்காமலே அதன் விதைகளை எண்ணும் வழியொன்று அதில் உண்டு. காயின் மேலுள்ள கீற்றுகளை எண்ணி, மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கி, பாதியைத் தள்ளி, மூன்றால் வகுக்கச் சொல்கின்றது பாட்டு. சுருக்கிப் பார்த்தால் 3 × 6 × 5 = 90; பாதி 45; மூன்றில் ஒன்று 15. விதை என்பது கீற்றைப்போற் பதினைந்து மடங்கு. பலாப்பழத்துக்கும் அதுபோல் ஒன்று: காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை. முள்ளை மு என்றும் சுளையைச் சு என்றும் கொண்டால் சு = 6மு / 5. நூறு முள்ளுக்கு நூற்றிருபது சுளை. தோட்டத்துப் பலாவெல்லாம் இப் பாட்டுக்குக் கட்டுப்பட்டுக் காய்க்குமா என்று கேட்போர் அறுத்து எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே காண வேண்டுவது வேறு. ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும் என்னும் ஒருபடி உறவை, மனப்பாடம் செய்யத்தக்க நூற்பாவாக ஆக்கித் திண்ணைப் பள்ளிச் சிறுவன் கையிற் கொடுத்திருந்தது தமிழ்.

பயிற்சி நடுவங்களில் 'குறுக்குவழி' என்று கற்பிப்பன பலவும் இத்தகைய ஒருபடி வாய்பாடுகளே. எங்கிருந்து வந்தது என்று அறியாமல் உருப்போட்டால், வினா சற்றே மாறியதும் வாய்பாடு கைவிட்டுவிடும். சென்னையில் 2013-இல் அரசு வரையறுத்த தானிக் கட்டணத்தை எடுத்துக்கொள்க. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 உருபா. அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 உருபா. தொலைவு 'தொ' எனில்,

கட்டணம் = 25 + 12 (தொ − 1.8)

97 உருபா கொடுத்தவர் எவ்வளவு தொலைவு போனார்? 97-இல் 25 போக 72. அதைப் பன்னிரண்டால் வகுக்க 6. அதனோடு 1.8 கூட்ட 7.8 கிலோமீட்டர். நிலையான ஒரு தொகை, ஏறிக்கொண்டு போகும் ஒரு தொகை. மின்கட்டணமாயினும், வாடகையாயினும், தனிவட்டியாயினும் அமைப்பு இதுவே. மாணவன் வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. எது நிலையானது, எது ஏறுவது, எங்கிருந்து ஏறத் தொடங்குகின்றது என்று வினாவைக் கேட்டால் போதும். '1.8-க்குமேல்' என்னும் சிறு சொல்லைத் தவறவிட்டு 25 + 12தொ என்று எழுதுபவர் பலர். அவர்களுக்கு 6 என்று விடை வரும்; அதுவும் அந்த நான்கனுள் ஒன்றாக இருக்கும்.

அகவைக் கணக்கில் வீழ்வோர் வீழும் இடம் ஒன்றேதான். "தந்தையின் அகவை மகனின் அகவையைப்போல் நான்கு மடங்கு, 20 ஆண்டுக்குப் பின் இரு மடங்கு." மகன் ம, தந்தை 4ம. இருபதாண்டு இருவர்க்கும் ஓடும்; தந்தைக்கு மட்டும் ஓடாது. 4ம + 20 = 2 (ம + 20). ம = 10; தந்தைக்கு 40. இருபதாண்டுக்குப் பின் 30-உம் 60-உம். ஒத்துவருகின்றது. இவ்விடத்தில், "மும்மடங்கு மிகுதி" என்று எழுதும் மொழிபெயர்ப்பு வழக்கம் ஒழிய வேண்டும். மும்மடங்கு என்றால் மூன்று. மும்மடங்கு மிகுதி என்றால் மூன்றா, நான்கா? எழுதியவரைக் கேட்டால் அவரும் ஆங்கிலத்தைப் புரட்டுவார்.

கோழியும் ஆடும் கலந்து நிற்கும் தொழுவத்தில் தலை 36, கால் 100. கோழி 'கோ' எனில் ஆடு 36 − கோ. 2கோ + 4 (36 − கோ) = 100. கோழி 22, ஆடு 14. எழுதாமலே செய்யும் பாட்டன் வழியும் உண்டு: அத்தனையும் கோழி என்று கொள், 72 கால். மிகுந்த 28 காலும் ஆட்டுக்கு உரியவை. ஆடொன்றுக்கு இரண்டு கால் மிகுதி. ஆகவே 14 ஆடு. இரண்டும் ஒரே வழிதான். பாட்டன் வாயாற் சொன்னதைப் பேரன் எழுத்தாற் சொல்கின்றான். தேர்வில் பாட்டன் வழியே விரைவானது.

விழுக்காட்டுக் கணக்கில் 'இல்' உருபைப் பிடித்துக்கொள்க. "குறித்த விலையில் 20 விழுக்காடு தள்ளி 960 உருபாவுக்கு ஒரு புடவை விற்கப்பட்டது." தள்ளியது எதில்? குறித்த விலையில். 960-இல் அன்று. விலையில் 80 விழுக்காடு 960, விலை 1,200. 960-இல் 20 விழுக்காடு 192 என்று கண்டு, இரண்டையும் கூட்டி 1,152 என்பவர், 'இல்' எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கின்றது என்று பார்க்கத் தவறியவர்.

இனி, மாணவர் கையில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருமொழி வினாத்தாள்களில், ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று அச்சிட்டிருப்பதைத் தேர்வெழுதியோர் கண்டிருப்பர். தமிழ்நாட்டில், தமிழர்க்கு, தமிழிற் கேட்கப்படும் வினாவில் தமிழ் இறுதியானது அன்றாம்! ஐயம் எழுந்ததே தமிழைப் பிழையாக எழுதியதால். அதற்குத் தண்டனையும் தமிழுக்கே. மருத்துவக் கல்விக்கான 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வில் நிகழ்ந்ததை எவரும் மறக்கவில்லை. தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பில் பிழை என்று வழக்குத் தொடரப்பட்டது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு சூலையில் தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. அனைவர்க்கும் ஒரே அளவாக 196 கொடுப்பது முறையா என்பது வேறு கேள்வி. பிழையைச் செய்தவர் யார், அதைச் சுமந்தவர் யார் என்னும் கேள்வி அப்படியே நிற்கின்றது.

நடுவண் அரசின் பணியாளர் தேர்வாணையம் 2023 முதல் சில தேர்வுகளைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த முற்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயின் கதவைத் திறந்துவிட்டு, வாயிலில் முள்ளைப் பரப்பக்கூடாது. சொற்கணக்கை ஆங்கிலத்தில் அமைத்துவிட்டுத் தமிழுக்குப் பெயர்ப்பது அடிப்படையிலேயே பிழையான முறை. கணக்கும் தமிழும் ஒருங்கே அறிந்தவர் தமிழிலேயே அமைக்க வேண்டும். தொடரைத் தேர்வு எழுதாத ஒரு தமிழ் ஆசிரியரிடம் படித்துக்காட்டி, அவர் இரண்டு பொருள் கண்டால் மாற்றி எழுத வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும். ஐயத்திற்கு இடமான இடத்தில் தமிழ் வடிவத்தையும் ஏற்று இரு விடைக்கும் மதிப்பெண் வழங்குவதே முறை. இவற்றைக் கேட்டு வாங்க வேண்டியது தமிழறிந்தோர் கடமை.

அது வரும்வரையில் மாணவர் செய்யத்தக்கது: மொழிபெயர்ப்புத் தொடரைக் கண்டதும் எழுதத் தொடங்காமல், வினாத்தாளின் ஓரத்திலேயே அதனைத் தம் வீட்டுத் தமிழில் ஒரு வரியாக மாற்றி எழுதிக்கொள்வது. 'அதிகரிக்கப்படும்பொழுது' என்பதைக் 'கூட்டி' என்று மாற்றுக. 'குறைக்கப்பட்ட' என்பதைக் 'கழித்து' என்று மாற்றுக. எது முன், எது பின் என்று புலப்படாவிடின், பக்கத்து ஆங்கிலத் தொடரையும் ஒருமுறை பார்த்துக்கொள்க, அதில் வெட்கமில்லை. விடை கிடைத்ததும் அதனைச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், வினாவின் சொற்றொடரில் இட்டு வாய்விடாமற் படித்துப் பார்க்க வேண்டும். சமன்பாடே பிழையாயின், பிழையான விடையும் அதற்குள் ஒத்துவரும். சொற்றொடர் ஏமாறாது.

கரும்பலகையில் எழுதியுள்ள கணக்கை முன்வரிசையிலிருந்து ஒருவர் வந்து செய்யட்டும். "கணக்கதிகாரம் சொல்லும் வழிப்படி, ஒரு பலாவின் சுளைகள் காம்பருகு முள்ளைவிட 18 மிகுதி. முள் எத்தனை? சுளை எத்தனை?" 'முள்ளைவிட' என்று முள் முன்னே நிற்பதைக் காண்க. சுளை மு + 18. பாட்டின்படி சுளை 6மு / 5. ஆகவே 6மு / 5 = மு + 18. ஐந்தாற் பெருக்க, 6மு = 5மு + 90. முள் 90, சுளை 108.